பட்டை, ஊறல், டியூப்: பெருசுங்க பேசின பாஷை

எங்க பக்கத்து பெருசுங்க சாராயத்தை பத்தி மணிக்கணக்கா பேசுவாங்க, ஆனா சாராயம்ங்கற வார்த்தை மட்டும் அந்த பேச்சுல வரவே வராது. பட்டை வரும், சரக்கு வரும், ஊறல் வரும், டியூப் வரும், ஜிஞ்சர் வரும், பர்மிட் வரும். எல்லாமே மளிகைக் கடையிலயும் சைக்கிள் கடையிலயும் லாரி பட்டறையிலயும் கிடக்கற சாமான். திண்ணைல ஒரு ஓரமா உக்காந்து புளியங்கொட்டையை உருட்டிக்கிட்டே காதை மட்டும் அந்த பக்கம் குடுத்துட்டு இருக்கற பையனுக்கு என்னத்த புரியும்? ஒவ்வொரு வார்த்தையும் தெரிஞ்ச வார்த்தை, சேர்த்து வெச்சா மட்டும் ஒண்ணும் விளங்காது.

நான் சொல்றது எண்பதுகளோட கடைசி. சேலம் ஜில்லா ஆத்தூர் பக்கம் அம்மாயி ஊரு, அதாவது அம்மாவோட அம்மா ஊரு, லீவு விட்டா அங்கதான் கிடப்போம். கொல்லைப்பக்கம் நின்னா கல்வராயன் மலை தெரியும். ஊர்ல பாதி பேருக்கு மரவள்ளிக்கிழங்கு காடு, மீதி பேருக்கு ஜவ்வரிசி மில்லு வேலை, சாயங்காலம் ஆனா அம்மாயி வீட்டுக்காரரு, எங்க அப்புச்சி, அவரு வயசு ஆளுங்க நாலஞ்சு பேரு திண்ணைல கூடிருவாங்க. அம்மாயி சுக்கு காப்பி கொண்டாந்து வெக்கும்போது "பையன் இருக்கறான், பாத்து பேசுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு போகும். அதுக்கப்புறம் ஆரம்பிக்கும் பாருங்க அந்த பாஷை.

முதல்ல பட்டை. எனக்கு தெரிஞ்சது ரெண்டே பட்டை. ஒண்ணு கறிக்குழம்புக்கு போடற பட்டை கிராம்பு பட்டை, இன்னொண்ணு அப்புச்சி காலைல குளிச்சுட்டு மூணு விரல்ல தொட்டு நெத்தியில இழுக்கற திருநீத்து பட்டை. இப்படி இருக்கறப்ப "அவன் நேத்து ராத்திரி பட்டையை போட்டுட்டு வந்து வாய்க்கா மேட்டுல உழுந்து கெடந்தான்"னு ஒருத்தர் சொன்னா நான் என்னன்னு எடுத்துக்கறது? பக்தி முத்தி போய் மயங்கி விழுந்துட்டாருன்னுதான் எடுத்துக்கிட்டேன். மாரியம்மன் பண்டிகையில சாமி வந்து ஆடறவங்க விழறதில்லையா, அந்த வகையில சேர்த்துட்டேன். அதுல இருந்து அந்த மனுசன் தெருவுல போனா எனக்கு ஒரு பயம் கலந்த மரியாதை, கும்பிடு போடாத குறை. அவரும் பாவம் எதுக்குடா இந்த பையன் இப்படி ஒதுங்கி நின்னு வழி விடறான்னு பார்த்துட்டே போவாரு.

சிக்கல் எங்க வந்ததுன்னா, ஒரு நாள் "பட்டை வித்தவனை புடிச்சு உள்ள வெச்சுட்டாங்க"ன்னு பேச்சு அடிபட்டுச்சு. மறுநாள் ஞாயித்துக்கிழமை, கறி எடுத்தாச்சு, அம்மாயி என்கிட்ட காசை குடுத்து "ஓடிப்போயி செட்டியார் கடையில பட்டையும் சோம்பும் வாங்கியா சாமி"ங்குது. கடையில பார்த்தா பட்டை கண்ணாடி பாட்டில்ல எல்லார் கண்ணுக்கும் தெரியற மாதிரி முன்வரிசையில நிக்குது. நான் கல்லா பக்கத்துல ஒட்டி நின்னுட்டு, யாராவது கேக்கறாங்களான்னு பார்த்துட்டு, மெல்லமா "பட்டை இருக்குதுங்களா"ன்னேன். செட்டியாரு என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு. "எதுக்குடா திருடன் மாதிரி கேக்கற?" "இல்லீங்க, போலீஸ் புடிக்குமாமுங்க." கடையில இருந்த அத்தனை பேரும் சிரிச்ச சிரிப்புல எனக்கு சோம்பு வாங்கறதே மறந்து போச்சு. செட்டியாரு மட்டும் சிரிக்காம பொட்டலம் மடிச்சுக்கிட்டே "அது கசக்கற பட்டைடா, இது மணக்கற பட்டை"ன்னாரு. அந்த பதிலும் அப்ப எனக்கு புரியல.

பெரியவனானதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த பட்டையும் நிஜமான மரப்பட்டைதான்னு. வெல்லத்தை தண்ணியில கரைச்சு, வெள்வேல மரத்தோட பட்டையை இடிச்சு அதுல போட்டு புளிக்க விடுவாங்க. அதனாலதான் பட்டைச் சாராயம்னு பேரு. மலைப்பக்கம் கடுக்காயும் சேர்ப்பாங்க. நல்லா யோசிச்சு பார்த்தா இதுல போடறது எல்லாமே நாட்டு மருந்து கடை ஐட்டம்தான். வெல்லம், கடுக்காய், மரப்பட்டை. தனித்தனியா வாங்கினா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க முடியாது, அளவு கூடுச்சுன்னாதான் போலீசுக்கு மூக்கு வேர்க்கும். மூட்டை மூட்டையா வெல்லம் மலை ஏறுதுன்னா அங்க யாரும் பொங்கலுக்கு வாங்கிட்டு போகலைன்னு அர்த்தம். இப்பக்கூட கல்வராயன் மலைக்கு போற வெல்ல மூட்டையை மடக்கி புடிச்ச நியூஸ் அப்பப்ப வரும்.

அடுத்தது ஊறல், அதாவது காய்ச்சி சாராயம் எடுக்கறதுக்கு முன்னாடி புளிக்க வெச்ச அந்த கரைசல். அப்புச்சி பேப்பரை சத்தமா படிப்பாரு, அதுல வாரத்துக்கு ஒரு தடவையாவது "மலையில் சாராய ஊறல் அழிப்பு"ன்னு ஒரு பெட்டிச்செய்தி இருக்கும், இத்தனை ஆயிரம் லிட்டருன்னு. எங்க வீட்டுல அம்மாயி மாங்காயை உப்புல ஊறப்போட்டு ரெண்டு பெரிய ஜாடியில வாயை துணியால கட்டி வெச்சிருக்கும். ஊறினா ஊறல், மண்ணுல புதைச்சு வெச்சா ஊறல், வாயை கட்டி வெச்சா ஊறல், போலீஸ் வந்தா கம்பியால குத்தி தேடி கண்டுபிடிச்சு கீழ கொட்டிருவாங்கன்னு இவங்க பேசறாங்க. எங்க ஜாடி மண்ணுல இல்ல, பரண் மேலதான் இருக்கு, இருந்தாலும் தெருவுல காக்கி சட்டை தெரிஞ்சா எனக்கு பரண் பக்கம்தான் கண்ணு போகும். தபால்காரரும் காக்கிதான், அது வேற ஒரு தொந்தரவு.

காய்ச்சறதுன்னு ஒண்ணு சொல்லுவாங்க. புது வீட்டுல பால் காய்ச்சறாங்க, வா போலாம்னு கூட்டிட்டு போவாங்க. அதே வார்த்தையை திண்ணைல "மேல காய்ச்சறாங்களாமா"ன்னு கீழ்க்குரல்ல சொல்லும்போது, மலை மேல யாரோ வீடு கட்டி குடி போறாங்க, நம்மளை ஏன் கூப்பிடலைன்னு ஒரு வருத்தம் எனக்கு.

டியூப் கதை கேளுங்க. மலையில இருந்து கீழ எறக்கறது எல்லாம் லாரி டியூப்ல. காத்தடிக்கற ரப்பர் டியூப் இருக்கே, அதுக்குள்ள ஊத்தி வாயை கட்டி தோள்ல மாலையா மாட்டிக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா காட்டு வழியா எறங்கிருவாங்க. பானைன்னா உடையும், டின்னுன்னா சத்தம் வரும், டியூப்புக்கு ரெண்டும் கிடையாது. சேலம், நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரிக்கு பஞ்சமா என்ன, பழைய டியூப் எங்க வேணும்னாலும் கிடைக்கும். ஆனா எனக்கு டியூப்னா கிணத்துல நீச்சல் பழக இடுப்புல மாட்டற டியூப்தான். "டியூப் வந்துருச்சா", "இன்னிக்கு டியூப் வரல"ன்னு இந்த வயசான ஆளுங்க ஏக்கமா கேக்கறதை பார்த்து, இவங்களுக்கும் இந்த வயசுல நீச்சல் ஆசை வந்துருச்சேன்னு நினைச்சேன். எங்க கிணத்து டியூப்பை வேணா எடுத்துக்குங்கன்னு ஒரு தாத்தாகிட்ட சொன்னதும் நடந்தது. அவரு வெத்தலையை துப்பிட்டு சிரிச்சாரு பாருங்க, இருமலே வந்துருச்சு.

இந்த பாஷை எப்ப இருந்து ஆரம்பிச்சுதுன்னு தேடி போனா கதை நேரா எங்க ஜில்லாவுக்கே வந்து நிக்குது. மெட்ராஸ் ராஜதானியில மதுவிலக்கு முதல்முதல்ல வந்தது சேலம் ஜில்லாவுலதான், 1937 அக்டோபர் 1. ராஜாஜி அப்பதான் பிரதமர், அந்த காலத்துல முதலமைச்சரை அப்படித்தான் சொல்லுவாங்க. அவரு சேலத்துல வக்கீலா இருந்தவரு, முனிசிபல் சேர்மனா இருந்தவரு, திருச்செங்கோடு பக்கத்துல புதுப்பாளையத்துல காந்தி ஆசிரமம் வெச்சு மதுவிலக்குக்காகவே விமோசனம்னு ஒரு பத்திரிகை நடத்தினவரு, அதுல கல்கி வேலை பார்த்தாரு. சொந்த ஊர்ல இருந்தே ஆரம்பிப்போம்னு ஆரம்பிச்சாரு. அப்புச்சி அப்ப அரை டிராயர் பையன். கள்ளுக்கடை மூடின பிறகு ஊரே ராத்திரியில அமைதியா இருந்துச்சு, பொம்பளைங்க சந்தோசப்பட்டாங்கன்னு அவரே சொல்லுவாரு. அதே மூச்சுல "அப்புறம் எல்லாம் காட்டுக்குள்ள போயிருச்சு"ன்னும் சொல்லுவாரு.

கள்ளு சாராய வருமானம் போச்சேன்னு அதை ஈடுகட்ட 1939ல விற்பனை வரி கொண்டு வந்தாங்க. மதுவிலக்கு போய் வந்து போய் வந்து இருந்துச்சு, அந்த வரி மட்டும் ஒரு நாளும் லீவு எடுக்கல.

நிஜமாவே போய் வந்துதான் இருந்துச்சு. உலக யுத்த காலத்துல நிறுத்தினாங்க, 1948ல ராஜதானி முழுக்க மறுபடி கொண்டு வந்தாங்க, 1971ல கருணாநிதி கடையை திறந்தாரு, 1974ல அவரே மூடினாரு, 1981ல எம்ஜிஆர் திறந்தாரு, 1983ல டாஸ்மாக் வந்துச்சு, 1987ல சாராயத்தையும் கள்ளையும் மட்டும் திரும்ப தடை பண்ணாங்க. நான் திண்ணைல உக்காந்து ஒட்டுக்கேட்டது இந்த கடைசி கட்டத்துல. பிராந்தி விஸ்கி கவர்மெண்ட் லைசென்ஸோட விக்கும், பட்டையும் கள்ளும் தொட்டா கேஸ். அதனால அப்புச்சி சின்ன வயசுல கத்துக்கிட்ட பாஷை, அவருக்கு பேரன் பொறந்த பிறகும் உபயோகத்துல இருந்துச்சு. நடுவுல பாஷையை மறந்து போற அளவுக்கு எந்த கவர்மெண்டும் டைம் குடுக்கல.

கேஸ்னு சொன்னேன்ல, அதுல ஒரு குட்டி குழப்பம். எங்க டவுன் வீட்டுக்கு அப்பதான் சிலிண்டர் வந்துச்சு. "கேஸ் புக் பண்ணியாச்சா, எத்தனை நாளு ஆகும்"னு அம்மா கேட்டுட்டே இருக்கும். இங்க அம்மாயி ஊர்ல "அவன் மேல கேஸ் புக் பண்ணிட்டாங்க"ன்னா, மேலயா, மேல எதுக்கு சிலிண்டரை வெப்பாங்க? இதை நான் யார்கிட்டயும் கேக்கல.

பர்மிட்டு இன்னும் மோசம். லாரி நெத்தியில நேஷனல் பர்மிட்டுன்னு எழுதியிருக்கும், அது எழுத்து கூட்டி படிக்க தெரிஞ்ச நாள்ல இருந்து பழக்கம். மதுவிலக்கு இருந்த காலத்துல உடம்புக்கு அவசியம்னு டாக்டர் எழுதி குடுத்தா, கவர்மெண்ட் பர்மிட் குடுக்கும், அதை காட்டி பாட்டில் வாங்கிக்கலாம். அந்த வசதி யாருக்கு கிடைச்சிருக்கும்னு தனியா சொல்லணுமா, கூலிக்காரன் கஷ்டத்துக்கு எந்த டாக்டர் எழுதி குடுப்பாரு. திண்ணைல ஒருத்தரை பத்தி பேசும்போது "அவரு பர்மிட்டுக்காரரு, அவருக்கென்ன"ன்னு பெருமூச்சு விடுவாங்க. நானும் அவருக்கு வரிசையா பத்து லாரி ஓடுதுன்னு கற்பனை பண்ணி வெச்சிருந்தேன். ஒரு தடவை அவரு வீட்டுக்கு போறப்ப வாசல்ல ஒரு டிவிஎஸ் ஃபிப்டி மட்டும் நின்னுட்டு இருந்துச்சு, மத்ததெல்லாம் டூட்டியில போயிருக்கும்னு என்னை நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன்.

சிரிச்சுட்டே சொல்லிட்டு வர்றேன், ஜிஞ்சர் வந்தா சிரிப்பு நின்னுரும். ஊர்ல சோடா கடையில பன்னீர் சோடாவும் ஜிஞ்சர் சோடாவும் விப்பாங்க, ஜிஞ்சர் கொஞ்சம் காரமா மூக்குல ஏறும், எனக்கு ரொம்ப புடிக்கும். "அவன் ஜிஞ்சர் குடிச்சே செத்தான்"னு அப்புச்சி ஒருத்தரை பத்தி சொன்னதும் அந்த லீவு முழுக்க நான் சோடா கடை பக்கமே போகல. அவங்க சொன்ன ஜிஞ்சரு, இஞ்சியை ஸ்பிரிட்டுல ஊற வெச்சு எடுக்கற டிங்ச்சர், வயித்து வலிக்கு சொட்டு கணக்குல குடுக்கற மருந்து. அதுல முக்கால்வாசி ஆல்கஹால். கடை மூடின காலத்துல மருந்துங்கற பேர்ல அதை பாட்டில் பாட்டிலா குடிச்சாங்க. இது நம்ம ஊர்ல மட்டும் இல்லைங்கறதுதான் எனக்கு பெரிய ஆச்சரியம். அமெரிக்காவுல 1920ல இருந்து 1933 வரைக்கும் மதுவிலக்கு இருந்துச்சுல்ல, அங்கயும் ஏழை ஜனங்க இதே இஞ்சி டிங்ச்சரைத்தான் குடிச்சாங்க, அவங்க ஜேக்குன்னு செல்லப்பேரு வெச்சாங்க. 1930ல ஒரு கம்பெனி கவர்மெண்ட் டெஸ்ட்டை ஏமாத்தறதுக்காக அதுல ஒரு கெமிக்கலை கலந்து வித்து, பல்லாயிரக்கணக்கான பேருக்கு கால் செத்து போச்சு. பாதத்தை தூக்க முடியாம தொப்பு தொப்புன்னு வெச்சு நடப்பாங்களாம், அந்த நடைக்கு ஜேக் நடைன்னே பேரு வந்துச்சு. மருந்து கடை வழியா விஷம் போன கதை ரெண்டு தேசத்துலயும் ஒண்ணுதான்.

வார்னிஷும் அப்படித்தான். பாலிஷ் போடற ஆசாரி வெச்சிருக்கற பாட்டிலை பார்த்து "இதை குடிப்பாங்களா"ன்னு நான் கேட்டப்ப அம்மாயி சட்டுனு என் வாயை பொத்துச்சு. ஃபிரெஞ்ச் பாலிஷ்ங்கறது அரக்கை ஸ்பிரிட்டுல கரைச்சது, தண்ணி ஊத்தினா அரக்கு திரண்டு பிரிஞ்சுரும், மேல நிக்கறதை வடிகட்டி குடிச்சிருக்காங்க. அந்த ஸ்பிரிட்டுல மெத்தனால் இருந்தா முடிஞ்சுது, அது ஈரல்ல போயி ஃபார்மிக் ஆசிடா மாறி கண் நரம்பை அடிச்சுரும், பல பேருக்கு முதல்ல பார்வைதான் போகும். திண்ணைல மத்த வார்த்தைக்கெல்லாம் சிரிக்கறவங்க வார்னிஷ்னு யாராவது சொன்னா சிரிக்க மாட்டாங்க, ரெண்டு நிமிசம் பேச்சே நின்னு போயிரும், அப்புறம் யாராவது மழையை பத்தி ஆரம்பிப்பாங்க. 2024ல கள்ளக்குறிச்சியில பாக்கெட் சாராயத்தால 60 பேருக்கு மேல செத்தப்ப டிவியில அதே மெத்தனால்னு சொன்னாங்க. கள்ளக்குறிச்சி எங்க கல்வராயன் மலைக்கு அந்த பக்கம்.

இதுல எனக்கு ஒண்ணு தோணும். இந்த பாஷை போலீசுக்கு புரியக்கூடாதுன்னு உண்டானதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. எனக்கு நம்பிக்கை இல்ல. போலீசுக்கு இது மொத்தமும் தலைகீழா தெரியும், மாமூல் வாங்க வர்றவருக்கு எந்த டியூப்ல என்ன இருக்குன்னு தெரியாதா? மாமூல்ங்கறதே அந்த பாஷையில போலீஸ் பங்குக்கு சேர்ந்த வார்த்தைதான். பொம்பளைங்களுக்கும் தெரியும். அம்மாயி அந்த வார்த்தை ஒண்ணைக்கூட வாயால சொல்லாது, ஆனா டியூப் வந்துருச்சுன்னு திண்ணைல பேச்சு வந்தா அன்னிக்கு ராத்திரி பக்கத்து வீட்டு அக்காவையும் அதோட பிள்ளைகளையும் சாப்பிட இங்கயே வரச்சொல்லிரும், எதுக்குன்னு கேட்டா "சும்மா, ரசம் மிச்சம் இருக்கு"ங்கும். அந்த அக்கா வீட்டுக்காரரு எங்க இருப்பாருன்னு அதுக்கு கணக்கு தெரியும். ஆக மொத்தம் அந்த தெருவுல இந்த பாஷை புரியாம இருந்தது என்னை மாதிரி அரை டிராயர் கோஷ்டி மட்டும்தான். எங்களுக்காகவே கண்டுபிடிச்ச பாஷைன்னு வெச்சுக்கலாம்.

சரக்கு தனி கதை, அது எனக்கு எதிர் திசையில வேலை பார்த்துச்சு. மத்த வார்த்தையெல்லாம் முதல்ல சாதா அர்த்தம் தெரியும், பிறகு சாராய அர்த்தம் தெரிஞ்சுது. சரக்கு அப்படி இல்ல. காலேஜ் வந்ததுக்கு அப்புறம் சேலத்துல ஒரு ஹோட்டல் வாசல்ல "சரக்கு மாஸ்டர் உடனடியாக தேவை, தங்குமிடம் உணவு இலவசம்"னு போர்டு பார்த்துட்டு, இப்படியெல்லாமா ஓப்பனா போர்டு வெப்பாங்கன்னு நின்னு மறுபடி படிச்சேன். கூட இருந்தவன் வீட்டுல மெஸ் நடத்தறாங்க, அவன்தான் சொன்னான், சமையலுக்கு தலைமை ஆளுக்கு அதான்டா பேருன்னு. இன்னிக்கும் அந்த போர்டை பார்த்தா எனக்கு முதல் அர்த்தம் ரெண்டாவதாத்தான் வருது.

இப்ப கடை கவர்மெண்டோடது, 2003ல இருந்து சில்லறை விக்கறதும் டாஸ்மாக்தான், ஒளிச்சு பேச ஒரு அவசியமும் இல்ல. ஆனாலும் பாஷை நிக்கல, புதுசு புதுசா பொறக்குது. குவார்ட்டர்னு சொல்லுவாங்க, 180 மில்லி, ஃபுல்லுங்கறது 750, நாலால வகுத்து பாருங்க கணக்கு இடிக்கும், குடிக்கறவங்க யாரும் இதுவரைக்கும் வகுத்து பார்த்ததில்ல போல. அந்த குவார்ட்டரை ரெண்டு பேரு காசு போட்டு பாதி பாதியா பிரிச்சா அது கட்டிங்.

போன மாசம் என் பையனுக்கு முடி வெட்டிட்டு, நானும் வெட்டிக்கிட்டு, ரெண்டு பேரும் நடந்து வந்துட்டு இருக்கோம். டாஸ்மாக் கடை தாண்டும்போது ஒருத்தரு கையில கசங்கின நோட்டோட என்கிட்ட வந்து ரொம்ப மரியாதையா "சார், கட்டிங் போடலாமா, ஒரு ஆளு குறையுது"ன்னாரு. நான் வேண்டாங்கன்னு சொல்லி நகர்றதுக்குள்ள பையன் முந்திக்கிட்டான்.

"இல்ல அங்கிள், இப்பதான் போட்டுட்டு வர்றோம். எனக்கும் அப்பாதான் போட்டு விட்டாரு."

அந்த ஆளு என்னையும் பார்த்தாரு, பையனையும் பார்த்தாரு. "தப்பு சார், சின்ன புள்ளைக்கெல்லாம்"னுட்டு போயிட்டாரு.